புலம்பெயர்ந்த முதியோரைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்களா? ரொறன்ரோவில் இருந்து ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவில் சமூகப்பணி முதுகலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஆய்வுத் தலைப்பு என்றதும் "எங்கட வயதுபோன ஆக்களைப் பற்றிச் செய்யப்போறன்" என்பார்கள். நல்ல தெரிவுதான். மொழி தெரியும், கோயிலில் ஆளைத் தெரியும், வீட்டிலேயே அம்மம்மா இருக்கிறா. ஆனால் எழுதி முடித்த அறிக்கையைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே வசனம்தான் உட்கார்ந்திருக்கும்: "பண்பாட்டுக் காரணங்களால் தமிழ் முதியோர் உதவி நாடுவதில்லை." இந்த வசனத்தை எழுத ஆய்வே தேவையில்லை. ஒரு முதியவரையும் சந்திக்காமலே எழுதிவிடலாம்.

பண்பாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னே பார்க்கவேண்டியவை இருக்கின்றன: அவர் எந்தக் காகிதத்தில் நாட்டுக்குள் வந்தார், கையில் காசு வருகிறதா, பஸ் வருகிறதா, தனியாக ஒருவரோடு கதைக்க வீட்டில் ஓர் அறை இருக்கிறதா. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதைச் சுற்றியே போகும். ரொறன்ரோ பல்கலைக்கழகம், யோர்க், ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் ஆகியவற்றில் சமூகப்பணி படிக்கத் தொடங்குகிறவர்களும், சமூக நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் "முதியோர் தேவைகள் பற்றி ஒரு கணக்கெடுப்புச் செய்" என்று பணிக்கப்படுகிறவர்களும் மனதில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழர் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்து வருகின்றன.

முதற்படி: வயதைக் கேட்குமுன் வந்த வழியைக் கேளுங்கள்

"65 வயதுக்கு மேற்பட்ட குடிவரவாளர்" என்று ஒரே கூடைக்குள் போட்டுவிட்டால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். ஒரே தெருவில் இருக்கும் 72 வயதுக்காரர் மூவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாமவர் 1980களில் அகதியாக வந்தவர். உணவகத்திலும் தொழிற்சாலையிலும் இரண்டு வேலை செய்து வீடு வாங்கியவர். ஆங்கிலம் ஓரளவுக்குப் போகும். கனடா பென்சன் திட்டத்துக்குச் சம்பளத்தில் இருந்து கட்டியிருக்கிறார். முதியோர் பாதுகாப்புப் பென்சனும் கிடைக்கிறது. அவர் இங்கே வந்து முதுமை அடைந்தவர்.

இரண்டாமவரைப் பிள்ளைகள் ஸ்பொன்சர் பண்ணி 66 வயதில் கூப்பிட்டார்கள். முதியோர் பாதுகாப்புப் பென்சனுக்கு 65 வயது மட்டும் போதாது. 18 வயதுக்குப் பிறகு கனடாவில் குறைந்தது 10 வருடம் வசித்திருக்கவேண்டும். முழுத்தொகைக்கு 40 வருடம். 10 வருடம் முடித்தவருக்குக் கிடைப்பது 40இல் 10 பங்கு. வருமானம் குறைந்தவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவும் அந்தப் பென்சன் தொடங்கினால்தான் வரும். ஆகவே இந்த அம்மாவுக்கு 76 வயதுவரை சொந்தக் கையில் ஒரு சதமும் வராமல் இருக்கலாம். இதோடு ஸ்பொன்சர் பொறுப்பும் சேர்கிறது. 2014க்குப் பிறகு பெற்றோரைக் கூப்பிட்டவர்கள் கியூபெக்குக்கு வெளியே 20 வருடத்துக்குப் பொறுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்; அதற்கு முன் அது 10 வருடமாக இருந்தது. அந்தக் காலத்துக்குள் அம்மா அரச சமூக உதவிப்பணம் எடுத்தால் அந்தக் காசை மகனிடம் திருப்பிக் கேட்பார்கள். "எனக்கு ஒண்டும் வேண்டாம் பிள்ளை" என்று அவர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

மூன்றாமவர் சுப்பர் விசாவில், அதாவது பெற்றோர், பேரன் பேத்தி உள்ளவர்கள் வந்து நீண்டநாள் தங்கக் கொடுக்கும் வருகை விசாவில், வந்து நிற்பவர். 2011 கடைசியில் தொடங்கிய இந்த விசாவில் முன்பு ஒரு தடவைக்கு 2 வருடம் நிற்கலாம்; 2022 ஜூலையில் இருந்து 5 வருடம். மாகாணச் சுகாதாரக் காட் இல்லை. குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி வாங்கினால்தான் விசாவே கிடைக்கும். அது அவசரத்துக்கு உதவும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிறஷர் போன்ற பழைய வருத்தங்களுக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பது காப்புறுதிப் பத்திரத்தின் சின்ன எழுத்துகளில் இருக்கிறது. ஊரில் இருந்து மருந்து கொண்டுவந்து எண்ணி எண்ணிப் போடுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

மூவரிடமும் "கடந்த வருடம் எத்தனை தடவை டொக்டரிடம் போனீர்கள்?" என்று கேட்டுச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி ஒருவரையும் குறிக்காது. ஆகவே உங்கள் படிவத்தின் முதற்பக்கத்தில் நான்கு கேள்விகள் கட்டாயம் இருக்கட்டும்: எந்த ஆண்டு வந்தார், அப்போது என்ன வயது, எந்த வழியில் வந்தார், இப்போது அவருடைய பெயரில் என்ன வருமானம் வருகிறது. கடைசிக் கேள்வியில் "அவருடைய பெயரில்" என்பது முக்கியம். குடும்ப வருமானத்தைக் கேட்டால் மருமகளின் சம்பளம்தான் பதிலாக வரும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருக்கும் ஆய்வில் யார் இல்லை என்று பாருங்கள்

வாசிப்புப் பட்டியல் தயாரிக்கும்போது கண்டுபிடிப்புகளை மட்டும் குறித்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வோர் ஆய்விலும் யாரைச் சேர்க்கவில்லை என்ற பந்தியைத் தேடிப் பிடியுங்கள்.

முதுமை பற்றிய கனடிய நீள்கால ஆய்வு இந்த நாட்டின் மிகப்பெரிய முயற்சி. 45 முதல் 85 வயதுவரையான 50,000க்கும் மேற்பட்டவர்களை 20 வருடமாவது பின்தொடரும் திட்டம். ஆனால் தொடக்கத்தில் சேர்வதற்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பதில் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் இடமில்லை. நான் மேலே சொன்ன இரண்டாமவர் ஆங்கிலம் தெரியாதவர் என்றால் அவரும், விசாவில் நிற்கும் மூன்றாமவரும் அதில் அகப்படவே மாட்டார்கள். "குடிவரவாளர் முதியோரின் நலம் பரவாயில்லை" என்று அந்தத் தரவை வைத்து யாராவது எழுதினால், எந்தக் குடிவரவாளர் என்று கேளுங்கள்.

முதியோரின் மொழியிலேயே போய்க் கேட்ட ஆய்வுகளும் இருக்கின்றன. சமூகப்பணிப் பேராசிரியர் டானியல் லாய் தலைமையில் 2000களின் தொடக்கத்தில் கனடாவின் 7 நகரங்களில் 55 வயதுக்கு மேற்பட்ட சீனர் 2,272 பேரிடம் எடுத்த ஆய்வு அப்படிப்பட்டது. சிகாகோவில் மருத்துவர் ஷின்சி டோங் குழுவினர் 2011 முதல் 2013 வரை 60 வயதுக்கு மேற்பட்ட சீனர் 3,157 பேரை நேர்கண்டார்கள். சமூக அமைப்புகளோடு கைகோத்து, முதியோருக்குப் பழக்கமான சீன வழக்குகளிலேயே கேட்டதால்தான் அந்த எண்ணிக்கை சாத்தியமானது. ரொறன்ரோத் தமிழரைப் பொறுத்தவரை, தாதியியல் பேராசிரியர் செபாலி குருகேயும் உடன் ஆய்வாளர்களும் இலங்கைத் தமிழ் மூதாட்டிகள் புலம்பெயர்ந்த பிறகு அனுபவிக்கும் துன்புறுத்தல், புறக்கணிப்புப் பற்றிச் செய்த வேலையை வாசிக்காமல் வீட்டு வாசலை மிதிக்கவேண்டாம்.

55, 60, 65 என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு வயதை எல்லையாக எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். சமூகநல ஆய்வில் 55ஐயோ 60ஐயோ எடுப்பதற்குக் காரணம் உண்டு. பேரப்பிள்ளை பார்க்க வந்த 58 வயது அம்மாவை வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் வயதுபோனவராகத்தான் நடத்துகிறார்கள். பென்சன் சட்டம் மட்டும் அவரை அப்படி நினைப்பதில்லை.

மூன்றாம் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"தமிழ் முதியோரின் நல்வாழ்வு" என்பது ஒரு துறை. அதை ஒரு ஆய்வுக் கேள்வியாக்க முடியாது. "சொந்த வருமானம் இல்லாத காலத்தில் ஸ்பொன்சரில் வந்த தாய்மார் வீட்டுச் செலவு முடிவுகளில் எப்படிப் பங்கெடுக்கிறார்கள்?" என்பது கேள்வி. "ஸ்காபரோவின் 3ஆம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு நிரந்தரமாக நின்ற பிறகு முதியோர் சங்கக் கூட்டங்களுக்கு வருவதில் என்ன மாறியது?" என்பதும் கேள்வி. இரண்டிலும் விடை கிடைத்தால் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியும். சமூகப்பணி ஆய்வில் இதையே உரைகல்லாக வையுங்கள்: பதில் வந்தால் எந்த மேசையில் வைப்பீர்கள்? மேசை ஒன்றும் தோன்றவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

நான்காம் படி: ஒழுக்கநெறி அனுமதி

மனிதரிடம் ஆய்வு என்றால் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. கனடாவின் மூன்று மத்திய ஆய்வு நிதி நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த கொள்கை அறிக்கையே எல்லோருக்கும் அடிப்படை. அதற்கான இணையப் பயிற்சி இலவசம். முதல் வாரத்திலேயே முடித்துச் சான்றிதழை எடுத்து வையுங்கள். சமூக நிலையம் தன் சொந்தச் சேவையை மதிப்பிட மட்டும் செய்யும் கருத்துக்கணிப்புக்குப் பொதுவாக இந்த அனுமதி தேவைப்படாது. ஆனால் பிறகு அதைக் கட்டுரையாக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் முதலிலேயே குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஆட்களிடம் சிக்கும் இடம் சம்மதப் படிவம். ஆறு பக்கம், கீழே கையெழுத்து. போர்க்காலத்தில் கையெழுத்து வைத்த காகிதம் எங்கே போகும் என்று பயந்து வாழ்ந்த ஒருவரிடம் அதை நீட்டினால் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். சிலர் "மகன் வரட்டும், கேட்டுச் சொல்லுறன்" என்று தள்ளிவைப்பார்கள். அந்தக் கொள்கை அறிக்கை வாய்மொழிச் சம்மதத்தையும் ஏற்கிறது. அதை நீங்கள் முறையாகப் பதிவுசெய்தால் போதும். விண்ணப்பத்திலேயே வாய்மொழிச் சம்மதம் கேட்டு, காரணத்தையும் எழுதுங்கள். தமிழில் நீங்கள் சொல்லப்போகும் வாசகத்தை இணையுங்கள். அந்த வாசகம் கதைக்கும் தமிழில் இருக்கட்டும். "தாங்கள் இவ்வாய்வில் பங்குபற்றுவது முற்றிலும் தன்னார்வமானது" என்று தொடங்கினால் முதியவர் பாதியில் தலையாட்டத் தொடங்கிவிடுவார். அந்தத் தலையாட்டல் சம்மதம் ஆகாது. "விருப்பம் இல்லாட்டி எந்த நேரமும் நிப்பாட்டலாம் அம்மா, நான் கோவிக்கமாட்டன், உங்கட பென்சனுக்கோ விசாவுக்கோ ஒண்டும் நடக்காது" என்று சொன்னால் அவருக்கு விளங்கும். முடிந்ததும் "நான் என்ன கேட்டன் எண்டு நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டுப் பாருங்கள்.

எதை இரகசியமாக வைக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லவேண்டும். ஒன்ராறியோவில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் அறிவிக்கவேண்டும்; பேரப்பிள்ளையைப் பற்றித் தாத்தா சொன்னாலும் அதுதான். நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ ஓய்வுகால இல்லத்திலோ இருக்கும் முதியவருக்குத் தீங்கு என்றாலும் அறிவிப்பது கடமை. சொந்த வீட்டில் மகனோடு இருக்கும், சுயமாக முடிவெடுக்கக்கூடிய முதியவர் விடயத்தில் அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லை. அவர் முடிவு அவருடையது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கதை வேறு.

ஐந்தாம் படி: ஆட்களைத் தேடுவது

முதியோர் சங்கத் தலைவரைப் பிடித்தால் ஒரே மாலையில் முப்பது பேர் கிடைப்பார்கள். பிரச்சினையும் அதுதான். சங்கத்துக்கு வருகிறவர் நடக்கக்கூடியவர், பஸ் எடுக்கத் தெரிந்தவர் அல்லது கொண்டுவந்து விட ஆள் உள்ளவர், ஊரிலும் நாலு பேருக்குத் தெரிந்தவர். அவர்களை வைத்துத் தனிமையை அளந்தால் தனிமையே இல்லை என்று முடியும்.

சங்கத்தோடு தொடங்குங்கள், அங்கே நின்றுவிடாதீர்கள். ஆண்கள் மோலிலும் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையிலும் கூடுவார்கள். பெண்களைக் காண்பது கடினம்; பலர் வீட்டில் குழந்தை பார்க்கிறார்கள். பாடசாலை விடும் நேரம் தெருவோரம் பனிக்குல்லாவோடு பேரப்பிள்ளைக்காகக் காத்து நிற்கும் அம்மம்மாக்கள் எந்தச் சங்கப் பட்டியலிலும் இல்லாதவர்கள். அங்கே போய்க் குறிப்பேட்டை நீட்டவேண்டாம். பெரிய எழுத்தில் தமிழில் அடித்த ஒரு துண்டுக் காகிதம், உங்கள் பெயர், தொலைபேசி எண், எந்த நேரத்தில் எடுக்கலாம் என்ற விபரம் போதும். கோயில் மடப்பள்ளி, தேவாலயத்தின் தமிழ்ப் பூசை, குடும்ப வைத்தியரின் காத்திருப்பு அறை, தமிழ் மருந்தகம், பலசரக்குக் கடையின் அறிவித்தல் பலகை, தமிழ் வானொலி எல்லாம் வழிகள்தான். வீட்டைவிட்டே வெளிக்கிடாதவர்களை அடைய வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களைக் கேளுங்கள். தங்களிடம் வருகிறவரின் எண்ணை அவர்கள் உங்களுக்குத் தரக்கூடாது. உங்கள் காகிதத்தை அவரிடம் கொடுக்கலாம்.

நேர்காணலுக்கு வருகிறவருக்கு பஸ் காசும் ஒரு சிறு கைமாறும் கொடுப்பது முறை. காசாகக் கொடுத்தால் வீட்டில் யார் கைக்குப் போகும் என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

ஆறாம் படி: அளவுகோல்கள்

மனநலத்தையும் தனிமையையும் எண்ணால் அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் வினாத்தாள்கள் இருக்கின்றன. எல்லாமே உதவும். எதையும் அப்படியே நம்பவேண்டாம்.

லபன் சமூக வலையமைப்பு அளவுகோலின் சுருக்க வடிவத்தில் 6 கேள்விகள், 0 முதல் 30 வரை புள்ளி. 12க்குக் குறைந்தால் தனிமைப்படும் ஆபத்து என்று கொள்வார்கள். மாதத்தில் ஒரு தடவையாவது எத்தனை உறவினரைக் காண்கிறீர்கள், அல்லது அவர்களோடு கதைக்கிறீர்கள் என்பது அதில் ஒன்று. மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள், மேல்மாடியில் மருமகளின் பெற்றோர் என்று நிறைந்த வீட்டில் இருக்கும் அம்மா இதில் நல்ல புள்ளி வாங்கிவிடுவார். ஆனால் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வெளிக்கிட்டால் மாலை ஐந்துவரை அவரோடு கதைப்பது தொலைக்காட்சி மட்டும். வந்தவர்களும் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதைப்பார்கள். இதைப் பிடிக்க ஒரு வழி: அளவுகோலை முடித்துவிட்டு "நேற்று நித்திரையால எழும்பினதில இருந்து படுக்கும்வரை ஆரோட என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டு மணிக்கணக்கில் எழுதுங்கள். புள்ளிக்கும் இந்த நாளுக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் கண்டுபிடிப்பு.

முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்வி வடிவம் ஆம், இல்லை என்று பதில் கேட்பதால் எங்கள் ஆட்களுக்கு இலகு. 5க்கு மேல் போனால் கூடுதலாகப் பார்க்கவேண்டும் என்பது வழக்கம். ஆனால் "வெளியே போய்ப் புதிதாக எதையாவது செய்வதைவிட வீட்டில் இருக்கவே விரும்புகிறீர்களா?" என்ற கேள்வியைப் பெப்ரவரியில் ஸ்காபரோவில் கேட்டுப் பாருங்கள். நடைபாதையில் பனி உறைந்திருக்கிறது, விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், பஸ் தரிப்பிடம் பத்து நிமிட நடை. "ஓம், வீடுதான் நல்லம்" என்பது புத்திசாலித்தனம். "உங்களைவிடப் பெரும்பாலானோர் நல்லாயிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா?" என்ற கடைசிக் கேள்விக்கு, பக்கத்து வீட்டு ஐயாவுக்குப் பென்சன் வர, தனக்கு வராத ஒருவர் என்ன சொல்வார்? இரண்டு "ஓம்"களும் புள்ளியில் மனச்சோர்வாகக் கூடும். ஆகவே ஒவ்வொரு "ஓம்"க்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுத இடம் விடுங்கள். எந்த மாதத்தில் கேட்டீர்கள் என்பதையும் பதியுங்கள்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி கொண்ட பிஎச்கியூ-9 வினாத்தாள் "கடந்த இரண்டு வாரத்தில்" என்று கேட்கும். "போன வெள்ளிக்கு முதல் வெள்ளியில இருந்து" என்று சொன்னால் பலருக்கு நாள் பிடிபடும். அதன் ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் நல்லது என்ற எண்ணத்தைப் பற்றியது. யாராவது "ஓம்" என்றால் என்ன செய்வீர்கள் என்று எழுதிவைக்காமல் இந்த வினாத்தாளைத் தொடவே கூடாது. கனடாவின் 988 தற்கொலைத் தடுப்பு எண் 2023 நவம்பர் கடைசியில் இருந்து இயங்குகிறது. அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடப்பது. ஆகவே தமிழ் கதைக்கும் ஆலோசகர் ஒருவரை முன்கூட்டியே ஒழுங்குசெய்து, அவர் எந்த நாளில் எந்த நேரம் கிடைப்பார் என்றும் தெரிந்து வைத்திருங்கள்.

இவற்றில் சிலவற்றுக்குத் தமிழ் வடிவம் ஏற்கெனவே உண்டு. அனேகம் தமிழ்நாட்டில் செய்யப்பட்டவை. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் என்று வெவ்வேறு இடத்தைச் சேர்ந்த நாலைந்து பேருக்கு வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று அவர்கள் வாயால் கேட்டுவிட்டுத்தான் களத்துக்குப் போகவேண்டும். வசனத்தை மாற்றினால் எதை ஏன் மாற்றினீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். ஞாபகசக்திக்கான மொன்றியல் மதிப்பீட்டைப் பயிற்சி எடுக்காமல் கையில் எடுக்காதீர்கள். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு அதில் ஒரு புள்ளி கூட்டுவார்கள்; ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு அந்த ஒரு புள்ளி எந்த மூலைக்குக் காணும்?

ஏழாம் படி: வீட்டுக்குள்

நேரம் ஒதுக்கிப் போவீர்கள். மகன் கதவைத் திறப்பார், தேத்தண்ணி வரும், மகனும் கதிரையை இழுத்துப்போட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பார். "கேளுங்கோ, அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை." அம்மாவும் "என்ன குறை, இருக்கிறம்" என்பார். மகனை எழுப்பி அனுப்ப உங்களால் முடியாது; முயன்றால் அம்மாவுக்குத்தான் பிறகு கரைச்சல்.

இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் மகனிடமோ மருமகளிடமோ பராமரிப்பவரின் சிரமம் பற்றித் தனியாக ஒரு சிறு நேர்காணல் செய்யலாம். அதுவும் பயனுள்ள தரவு, அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். வாரநாளில் காலை பத்து மணிக்குப் போகலாம். நூலகக் கிளையில் ஒரு சிறிய அறை எடுக்கலாம். கோடையில் பூங்காவில் நடந்துகொண்டே கதைக்கலாம். பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்க்கத் தேவையில்லாததால் சிலருக்குக் கதை இலகுவாக வரும். தொலைபேசியில் என்றால் முதற்கேள்வி "இப்ப கதைக்க வசதியோ?" என்பதாக இருக்கட்டும். குடும்பத்துக்குப் பொதுவான ரப்லெற்றில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்கவேண்டாம்.

"நீர் எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?" என்று உங்களிடமே முதலில் விசாரணை தொடங்கும். பெயரையும் ஊரையும் வைத்து உங்களை ஓரிடத்தில் இருத்திப் பார்க்காமல் பலர் வாய் திறக்கமாட்டார்கள். சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் சொந்தக்காரரைத் தெரிந்தவர் என்று வெளிவந்தால், அவர் விரும்பினால் வேறொருவர் வந்து கேட்கலாம் என்று அப்போதே சொல்லுங்கள். உங்கள் சாதி, ஊர், இயக்கப் பின்னணி பற்றி அவர் ஊகிப்பது அவர் சொல்லும் கதையை மாற்றும். அன்றிரவே களக்குறிப்பில் அதை எழுதுங்கள்.

எல்லாப் படிவத்திலும் முதற்பக்கத்தில் இருக்கும் ஒரு கேள்வி பற்றி எச்சரிக்கவேண்டும்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" வேறு நாட்டில் அது வெறும் எண். 2009 மே வரை நடந்த போரைக் கடந்து வந்த தாயிடம் அதைக் கேட்டால் "பெத்தது அஞ்சு" என்று ஒரு இடைவெளி விழும். இருப்பவர் எத்தனை, இல்லாதவர் எத்தனை, காணாமல் போனவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர் உங்களுக்காகக் கூட்டிக் கழிக்கவேண்டி வரும். அதை முதற்பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டு, "உங்கட குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று நடுவில் வையுங்கள். அவர் சொல்ல விரும்புவதைச் சொல்லட்டும். போரைப் பற்றி உங்கள் ஆய்வுக் கேள்வி கேட்காவிட்டால் நீங்களும் துருவவேண்டாம். அவராகச் சொன்னால் பதிவுக்கருவியை நிறுத்தவா என்று கேட்டுவிட்டு இருந்து கேளுங்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தைச் சமையல், பேரப்பிள்ளை, தோட்டம் என்று இலகுவான கதைக்கு ஒதுக்குங்கள். அழவைத்துவிட்டு எழும்பி வராதீர்கள்.

எட்டாம் படி: துன்புறுத்தல் பற்றிச் சொன்னால்

சொல்வார்கள். பென்சன் காட் மகளிடம், வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்கு, குளிரில் பேஸ்மென்றில் தனி அறை, குழந்தை பார்க்க மறுத்தால் இரண்டு நாள் கதை பேச்சு இல்லை. "துன்புறுத்தல்" என்ற பெயரை அவர் வைக்கமாட்டார். நீங்களும் அவர் வாயில் திணிக்கவேண்டாம். "ஸ்பொன்சரை எடுத்துப்போட்டால் திரும்பிப் போகவேண்டியதுதான்" என்று வீட்டில் யாரோ கோபத்தில் சொன்னதை உண்மை என்றே நம்பிப் பல வருடம் வாய்மூடி இருப்பவர்கள் உண்டு. நிரந்தர வதிவிடம் பெற்று வந்து இறங்கிய பெற்றோரின் அந்தஸ்தை ஸ்பொன்சர் செய்தவர் நினைத்தபடி பறிக்க முடியாது. நீங்கள் சட்டத்தரணி இல்லை. ஆனால் சட்டத்தரணி எங்கே இருக்கிறார் என்று சொல்லலாம். ரொறன்ரோவில் முதியோருக்கென்றே இலவசச் சட்ட நிலையம் உண்டு, தெற்காசியருக்கான சட்ட நிலையமும் உண்டு. 211 என்ற எண்ணுக்கு அழைத்தால் பக்கத்தில் உள்ள சேவைகளைச் சொல்வார்கள், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். இவற்றை எழுதிய காகிதத்தை எல்லோருக்கும் கொடுங்கள், சொன்னவருக்கு மட்டும் கொடுத்தால் வீட்டில் சந்தேகம் வரும். மருந்துக் கடை விளம்பரத்தின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கும் நிலையங்களும் உண்டு.

அன்றே உங்கள் மேற்பார்வையாளருக்கு அறிவியுங்கள். தனியாகத் தூக்கிக்கொண்டு திரியவேண்டிய விடயம் இல்லை இது.

ஒன்பதாம் படி: எழுத்தாக்கமும் அடையாளம் மறைத்தலும்

ஒலிப்பதிவைத் தமிழிலேயே, கதைத்த வழக்கிலேயே எழுதுங்கள். குறியிடுவதையும் (சொன்னவற்றைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் பொருளைக் காட்டும் ஒரு சிறு பெயர் வைப்பதையும்) தமிழ்ப் பிரதியில் செய்துவிட்டு, அறிக்கைக்கு எடுக்கும் மேற்கோள்களை மட்டும் ஆங்கிலமாக்குங்கள். தமிழ் தெரியாத மேற்பார்வையாளருக்காக முதல் இரண்டு நேர்காணலை முழுதாக மொழிபெயர்த்துக் கொடுத்தால் அவர் உங்கள் கேள்வி கேட்கும் முறையைத் திருத்த முடியும். இலவச இணையச் செயலிகளில் ஒலிப்பதிவை ஏற்றவேண்டாம். அது எங்கே சேமிக்கப்படும் என்று நீங்கள் பங்குபற்றியவருக்கு உறுதி சொல்ல முடியாது.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று பாடநூல் சொல்லும். எங்கள் சமூகத்தில் அது போதாது. "பருத்தித்துறையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கல்லூரி அதிபர், 81, மார்க்கத்தில் மகளோடு வசிக்கிறார்" என்று எழுதினால் வாசிக்கிற பத்தில் இரண்டு பேருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். "வடபகுதியைச் சேர்ந்த, 80 வயது தாண்டிய, கல்வித்துறையில் இருந்தவர்" என்று மங்கலாக்குங்கள். அதற்கும் மேலே, ஒரே ஆளின் மேற்கோள்களை அறிக்கை முழுக்க ஒரே புனைபெயரில் தொடுக்கும்போது சிறு விபரங்கள் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். கூச்சமான மேற்கோளுக்குப் புனைபெயரே வேண்டாம். "ஒரு தாய்" போதும்.

பத்தாம் படி: பகுப்பாய்வு

உளவியலாளர்கள் பிரவுனும் கிளார்க்கும் 2006இல் எழுதிய, நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைத் தொகுக்கும் கருப்பொருள் பகுப்பாய்வு முறையின் ஆறு கட்டங்களைத்தான் மாணவர்கள் அனேகமாக எடுப்பார்கள். நல்லது, அதில் நான் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். "பண்பாடு", "மானம்", "குடும்ப கௌரவம்" என்று ஒரு குறியீடு இட்டதும், அதே நபரின் முதற்பக்கத்தைத் திறந்து அந்த நான்கு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஆலோசகரிட்டப் போறதோ, சனம் என்ன சொல்லும்" என்றவர் ஸ்பொன்சரில் வந்து ஐந்தாவது வருடமா? அவருக்கு நிலையத்துக்குப் போக எத்தனை பஸ் மாறவேண்டும்? அங்கே தமிழ் கதைப்பவர் இருக்கிறாரா? முப்பது வருடமாக இங்கே இருக்கும், பென்சன் எடுக்கும், அதே ஊர் அதே சாதிக்காரர் ஒருவர் ஆலோசகரிடம் போய்வந்திருந்தால், உங்கள் விளக்கம் பண்பாட்டில் இருந்து வேறெங்கோ நகரவேண்டும். இருவரும் போகவில்லை என்றால் பண்பாட்டைத் தாராளமாக எழுதுங்கள், அப்போது அதற்கு ஆதாரம் இருக்கிறது.

பதினோராம் படி: திருப்பிக் கொடுப்பது

அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். பங்குபற்றியவர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம், பெரிய எழுத்தில். வாசிக்கச் சிரமப்படுபவருக்குப் பத்து நிமிட ஒலிப்பதிவு. சங்கத்தில் ஒரு மதியம் ஒதுக்கி வாயால் சொல்லுங்கள். "அப்பிடி இல்லைப் பிள்ளை" என்று எழும்புகிறவர்கள் உங்கள் முடிவைத் திருத்துவார்கள், அதை அறிக்கையின் இறுதி வடிவில் சேர்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் ஆறு வாரம் தேவைப்படும். பிறகு மூன்றாம் படியில் நினைத்த அந்த மேசைக்குப் போங்கள்: பஸ் என்றால் நகரசபை உறுப்பினர், பென்சன் என்றால் நாடாளுமன்ற உறுப்பினர், தமிழ் ஆலோசகர் இல்லை என்றால் அந்தச் சேவைக்கு நிதி கொடுக்கும் மாகாண அமைச்சு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. நாற்பது பக்கத்தை யாரும் திறக்கமாட்டார்கள்.